ஜெர்மனிக்குப் போன கைநாட்டு

போன வாரம் எங்க பேத்தி பெங்களூர்ல இருந்து போன் போட்டா. என்னமோ பரீச்சை எழுதி பாஸாயிட்டாளாம். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புதவுக அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒத்து வருதான்னு பாத்து அனுப்பணும்லா, அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு. வீட்டுல எல்லாருக்கும் கேசரி. எம்மவன் சொல்லுதான், நம்ம குடும்பத்துல இந்த எக்ஸ்போர்ட் பரீச்சை பாஸான மொத ஆளு இவதான்னு. நான் வாயில இருந்த கேசரிய முழுங்கிட்டுச் சொன்னேன், "ரெண்டாவது ஆளுன்னு சொல்லுலே."

அம்புட்டுதான். அன்னையில இருந்து அந்தப் புள்ள என்னைய விட மாட்டேங்கா. ஆச்சி நீ பேசு, போன்ல பிடிச்சு நான் எழுதிக்கிடுதேன், எங்க ஆபீசுல புதுசா சேந்த புள்ளைக கேக்காகன்னு ஒரே நச்சரிப்பு. எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. பஸ் நம்பரு, கடியாரம், காலண்டர்ல தேதி, இம்புட்டுதான் தெரியும். ஆனா பேசச் சொன்னா எனக்குச் சோறு வேண்டாம். அதனால சொல்லுதேன், அவ எழுதட்டும்.

நான் பொறந்தது சுந்தரபாண்டியம். வாக்கப்பட்டது சீவில்லிபுத்தூர். எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாரு. வருசத்துல ஒரு மாசம் வருவாரு, வந்ததும் நாலு நாள் தூங்குவாரு, பொறவு ஊர்ல இருக்க ஆளு ஒவ்வொருத்தரா போயிப் பாத்துட்டு வருவாரு, லீவு முடிஞ்சிரும். மத்த பதினோரு மாசமும் நானும் ரெண்டு புள்ளைகளுந்தான். எண்பதுகள் தொடக்கத்துல நான் ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டுத பேண்டேஜ் துணி செய்யுத கம்பெனி. காலையில ஏழே முக்கால் பஸ். அந்தக் கண்டக்டரு நான் ஓடி வாரத எட்டத்துல இருந்தே பாத்துட்டு விசில் அடிக்க மாட்டாரு. நல்ல மனுசன், பின்னால போலீஸ்ல சேந்துட்டாருன்னு சொன்னாக.

மொதல்ல என்னைய உருட்டுத பெஞ்சுல போட்டாக. துணிய நாடாவா வெட்டி வந்ததும் இறுக்கி உருட்டி, காயிதம் சுத்தணும். நாலு வருசம் உருட்டுனேன். ஒருநா உருட்டிக்கிட்டு இருக்கும்போதே இந்தத் துணியில இழை கம்மியா இருக்குன்னு சொன்னேன். யாரும் நம்பல. எண்ணிப் பாத்தா கம்மிதான். அன்னைக்கே மேனேஜர் என்னைய செக்கிங் மேசைக்கு மாத்திட்டாரு.

மேனேஜர் பேரு அழகர்ராஜா. அவிய வீட்டுல தெலுங்கு பேசுவாக. சத்தமே போட மாட்டாரு. கோவம் வந்தா மேசையில கெடக்க பேப்பர எல்லாம் அடுக்க ஆரம்பிச்சிருவாரு. ஓரத்தத் தட்டித் தட்டி நேராக்குவாரு. பேப்பர் எம்புட்டு நேரா இருக்கோ அம்புட்டு கோவம்னு நாங்க கணக்கு வச்சிருந்தோம். அப்புறம், சாதாரணமா கூப்பிட்டா "ஏம்மா"ம்பாரு. ஏதாவது தப்பு நடந்திருந்தா "ஏமம்மா"ம்பாரு, தெலுங்குல. அந்த நடுவுல வார 'ம'வக் கேட்டாலே என்ன தப்பு செஞ்சோம்னு யோசிச்சுக்கிட்டேதான் போவோம்.

செக்கிங் மேசை மேக்க பாத்த சன்னல் பக்கத்துல இருந்துச்சு. அங்க என்ன வேலைன்னு சொல்லுதேன், பேத்தி இத நல்லா எழுதட்டும். தறியில இருந்து வந்த துணிய தொட்டியில வேக வச்சு, வெளுத்து, அலசி, காய வச்சு எங்கிட்ட வரும். சின்னதா ஒரு பூதக்கண்ணாடி, அதுக்கு அடியில இஞ்சு அளவுக்குச் சதுரமா ஒரு ஓட்டை. துணி மேல வச்சு, ஊசி நுனியால இழைய ஒண்ணு ஒண்ணாத் தள்ளி எண்ணணும். நெட்டுக்கு எத்தன, குறுக்கு எத்தன. ரெண்டாவது, துணிய மடிச்சு ஒரு சட்டித் தண்ணி மேல மெதுவா விடணும். பத்து எண்ணுததுக்குள்ள முங்கிறணும். மெதந்துச்சுன்னா அது ரத்தத்த உறிஞ்சாது. மூணாவது, டிஞ்சரு ஒரு சொட்டு. தறியில போட்ட கஞ்சி மிச்சம் இருந்தா நீலமா மாறும். இதெல்லாம் அவிய சொல்லிக் குடுத்தது. நாலாவது ஒண்ணு நானா செஞ்சது. ஒவ்வொரு கட்டுல இருந்தும் ஒரு துண்ட சன்னலுக்கு வெளிய நீட்டி வெயில்ல பாப்பேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. சேலை எடுக்கப் போனாலும் கடைக்கு வெளிய கொண்டுவந்து பாக்கமாட்டமா, அந்த மாதிரிதான்.

எல்லாம் சரியா இருந்தா பெட்டிக்குள்ள ஒரு சிலிப்பு வைக்கணும். அதுல செக்கர்னு ஒரு கட்டம். எனக்குத்தான் எழுத வராதே, மையில பெருவிரல முக்கி ஒரு கைநாட்டு வச்சு பெட்டிய மூடிருவேன். பட்டாளத்துல இருந்து வார மணியார்டருக்கும் அதே கைநாட்டுதான், போஸ்ட்மேன் ஒருநாளும் குத்தம் சொன்னதில்ல. இப்படியே அஞ்சாறு வருசம் ஓடிருச்சு. என் பெருவிரலு கப்பல்ல ஏறி ஜெர்மனிக்குப் போயிட்டுப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. திரும்பி வரல, சும்மா சொல்லுதேன்.

ஒருநா காலையில "ஏமம்மா"ன்னு மேனேஜர் கூப்பிட்டாரு. போனேன். மேசையில பேப்பரெல்லாம் கத்தி வச்சு வெட்டுன மாதிரி நேரா இருக்கு. எங்க சரக்க வாங்குத ஜெர்மனிக்காரன் கடுதாசி எழுதியிருக்கான். மேனேஜர் இங்கிலீசுல ஒரு வரி வாசிப்பாரு, பொறவு தமிழ்ல சொல்லுவாரு. ஆஸ்பத்திரிச் சரக்கு எம்புட்டு சுத்தமா இருக்கணும், உங்க பெட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு காயிதத்துல அழுக்கு விரல் அடையாளம் இருக்கு, வேலைக்காரங்க கை கழுவுதது கெடையாதான்னு கேட்டிருக்கான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியல. பெட்டி பெட்டியா அழுக்கு விரலு, அதும் சரியா கட்டத்துக்குள்ளயே எப்படிலே விழும்னு அவன் யோசிக்க வேண்டாமா. மேனேஜருக்கும் உதடு லேசா துடிச்சுது, ஆனா சிரிக்கல. இன்னொரு பேப்பர எடுத்தாரு. எக்ஸ்போர்ட் ஆபீசுல இருந்து வந்தது. இனிமே ஆஸ்பத்திரித் துணி வெளிநாடு போகணும்னா, அத செக் பண்ணுதவுக பரீச்சை எழுதி சர்டிபிகேட்டு வாங்கியிருக்கணுமாம். ராஜபாளையத்துலயே ஆறு சனிக்கெழமை கிளாசு, பொறவு பரீச்சை.

அவரு சொன்னாரு, ஜெயந்திய அனுப்புதேன், நீ பழையபடி உருட்டுத பெஞ்சுக்குப் போயிரும்மான்னு. ஜெயந்தி செட்டியார்பட்டிப் புள்ள. பன்னெண்டாவது படிச்சவ. நல்ல புள்ள, கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். மேசைக்கு வந்து ஆறு மாசந்தான் ஆயிருந்துச்சு.

எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. உருட்டுத வேலை ஒண்ணும் கேவலமில்ல. ஆனா அந்த மேசையில உக்காந்தா, இது போகலாம், இது போகக்கூடாதுன்னு சொல்லுதது நான். என் வாழ்க்கையில வேற எங்கயும் எங்கிட்ட யாரும் அதக் கேட்டதில்ல.

"நானும் பரீச்சைக்குப் போறேன் சார்"ன்னேன்.

"எழுதத் தெரியாம என்ன பரீச்சைம்மா?"

"பாக்கத் தெரியும்லா சார்."

அவரு பேப்பர இன்னொரு தட்டு தட்டுனாரு. ரெண்டு பேரும் போங்க, யாரு பாஸாகுதீகளோ அவகளுக்குத்தான் மேசைன்னுட்டாரு.

மொதல்ல கையெழுத்துப் போடப் படிப்போம்னு பாத்தேன். ஜெயந்திதான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எழுதிக் காட்டுனா. மாரித்தாய்னு என் பேரு. பத்து நாள்ல வரைஞ்சிட்டேன். மேனேஜர்கிட்ட இருவது சிலிப்புல போட்டுக் கொண்டு போனேன். வரிசையா பரப்பி வச்சுப் பாத்துட்டு, இருவது சிலிப்பு, இருவது ஆளு போட்ட மாதிரி இருக்கேம்மான்னாரு. உள்ளதுதான். ஒண்ணுல கொக்கி படுத்திருக்கும், ஒண்ணுல கால் இருக்காது. போதாக்குறைக்கு ஒரு கையெழுத்துப் போட்டு முடிக்கதுக்குள்ள நாலு பெட்டி வந்து நிக்கும். ஜெயந்தி சொன்னா, யக்கா, உங்க பேருல பாதிய போட்டாப் போதும், மீதிய ஜெர்மனிக்காரன் போட்டுக்கிடுவான்னு.

ஆறு சனிக்கெழமையும் போனேன். ஆடிப்பூரத் தேரன்னைக்குக்கூட ஒரு கிளாசு வந்துருச்சு. ஊரே வடம் பிடிக்கப் போவுது, நான் எதுத்தாப்புல பஸ் ஏறுதேன். ஆண்டாளுக்கு என்னைய தெரியும், கோவிச்சுக்கிட மாட்டான்னு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போனேன்.

கிளாசு எடுத்தது எஸ்தர் மேடம்னு தூத்துக்குடி ஆபீசுல இருந்து வந்த ஆபீசர். ஒல்லியா இருப்பாக, கண்ணாடி மூக்கு நுனியில நிக்கும். எத எடுத்தாலும் விதிப் பொஸ்தகத்தத் தொறந்து, விரல வச்சு வாசிச்சுட்டுத்தான் பேசுவாக. ஒரு மனுசி இத்தன வருசம் படிச்சுட்டு இன்னும் மனசுல நிக்கலையான்னு நெனப்பேன். பொறவுதான் வெளங்குச்சு, அவியளுக்கு எல்லாம் மனப்பாடம், தெரிஞ்சிருந்தும்தான் தொறந்து பாக்காக. மத்தவக எல்லாம் எழுதிக்கிடுவாக. நான் காதுல வாங்கிக்கிடுவேன். பஸ்ல வரும்போது எனக்குள்ளயே திருப்பிச் சொல்லுவேன். பக்கத்துல உக்காந்திருக்க ஆளு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருவாரு.

எழுத்துப் பரீச்சைக்கு முன்ன நான் மேடம்கிட்ட போயி உள்ளதச் சொல்லிட்டேன். அவிய பொஸ்தகத்தத் தொறந்தாக. ரொம்ப நேரம் வாசிச்சாக. படிக்கத் தெரியாதவுகள வாயால கேக்கலாம்னு இதுல இல்ல, கேக்கக்கூடாதுன்னும் இல்லன்னுட்டு என்னைய எதுத்தாப்புல உக்கார வச்சாக. நான் சொல்லச் சொல்ல அவிய எழுதுனாக. பெட்டி மேல என்னென்ன இருக்கணும்னாக. எந்த நாடு, எந்த லாட்டு, நீளம், அகலம், இழைக் கணக்கு, மடமடன்னு சொல்லிட்டேன். இந்தச் சரக்கு நம்ம நாட்டுல செஞ்சதுன்னு எந்தக் காயிதத்தக் காட்டுவீகன்னாக. கம்பெனி பில்லுன்னேன். தப்பு. அதுக்குன்னு தனியா, சரக்குக்குப் பொறப்புச் சர்டிபிகேட்டு மாதிரி ஒண்ணு இருக்காம்.

"எனக்கே அது கெடையாது மேடம். துணிக்கு இருக்கா?"

மேடம் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். ஆனா மார்க்கு போடல.

கடைசியா நான் கைநாட்டு விசயத்தக் கேட்டேன். ஜெர்மனிக்காரன் அழுக்கு அடையாளம்னு எழுதுனதையும் சொன்னேன். கையெழுத்து இல்லாத ஆளு செக்கரா இருக்க முடியாதான்னு கேட்டேன். மறுபடியும் பொஸ்தகம், மறுபடியும் விரலு. பொறவு சொன்னாக, "செக் பண்ணுனவரோட அடையாளம் இருக்கணும்னுதாம்மா போட்டிருக்கு. கையெழுத்துங்கிற வார்த்தையே இல்ல." சர்டிபிகேட்டுல ஒரு நம்பர் வரும், அத ரப்பர் ஸ்டாம்பா செஞ்சு குத்திக்கலாம்னாக. நம்பருதான் எனக்குத் தெரியுமே. பத்து நாளு கொக்கியும் காலுமா வரைஞ்சு கை வலிச்சது வீணாப் போச்சேன்னு இருந்துச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு.

ஆனா சர்டிபிகேட்டு கைக்கு வரணும்லா. செய்முறைப் பரீச்சை பாக்கி இருந்துச்சு. அதுக்கு மேடமே ஒவ்வொரு கம்பெனிக்கும் வந்து, அங்க கெளம்பத் தயாரா இருக்க லாட்டுல ஒரு பெட்டியப் பிரிச்சுக் குடுப்பாக. போகலாமா கூடாதான்னு நாம சொல்லணும்.

எங்க கம்பெனிக்கு வந்தன்னைக்குக் குடோன்ல ஜெர்மனி லாட்டு அடுக்கி இருந்துச்சு. மறுநா லாரி, அங்க இருந்து தூத்துக்குடி. அழுக்குன்னு எழுதுனவனுக்கு அதுக்குப் பொறவு நாம அனுப்புத மொதச் சரக்கு. பரீச்சைக்குன்னு எங்க ரெண்டு பேரையும் ஒரு வாரம் மேசைக்கே விடல, அதனால அந்தத் துணிய நாங்க முன்னப்பின்ன பாத்ததில்ல. மேனேஜர் பெட்டிக்குப் பக்கத்துலயே நின்னாரு.

ஜெயந்தி மொதல்ல பாத்தா. இழை சரி. பத்துக்குப் பதிலா ஏழு எண்ணும்போதே முங்கிருச்சு. டிஞ்சரு மாறல. பாஸ்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. அடுத்து நான். எனக்கும் எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. வாயத் தொறந்து போகலாம்னு சொல்ல வேண்டியதுதான். ஆனா குடோன்ல சன்னல் கெடையாது, தூசி விழும்னு அடைச்சிட்டாக, டியூப் லைட்டுதான். வெயில்ல பாக்காம என்னால சொல்ல முடியல.

செத்த நேரம் வெளிய கொண்டுபோயிப் பாத்துட்டு வாரேன்னேன். மேடம் பொஸ்தகத்தத் தொறக்காமலே சரின்னுட்டாக. மேசையில மாதிரிக்குன்னு வச்சிருந்த பழைய துண்டு ஒண்ணையும் எடுத்துக்கிட்டு முத்தத்துக்குப் போனேன். பதினோரு மணி வெயிலு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சேன். பழசு வடிச்ச சோறு மாதிரி ஒரு வெள்ளை. புதுசு கண்ணக் கூசுது. கல்யாண மாப்பிள்ளை வேட்டி மாதிரி ஓரத்துல நீலம் ஓடுது. உள்ள வச்சுப் பாத்தப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

எனக்கு அப்பமே வெளங்கிருச்சு. துணி பளிச்சுனு தெரிய தண்ணியில கலக்குவாகளே ஒரு பவுடரு, அது விழுந்திருக்கு. கட்டுத் துணிக்கு அது ஆகாதுன்னு நாலாவது சனிக்கெழமை மேடம் சொன்னாக. அத மட்டும் கண்டுபிடிக்க ஒரு லைட்டுப் பெட்டியும் காட்டுனாக. அன்னைக்கும் அந்தப் பெட்டி அவிய கூடவே வந்திருந்துச்சு, மூடுன மேனிக்கு. சந்தேகம்னு கேட்டாத்தான் தொறப்பாக.

நான் முத்தத்துலயே கொஞ்சம் நின்னேன். உள்ள போயி எல்லாஞ் சரின்னு சொன்னா யாருக்குத் தெரியும். ஜெயந்தியே பாஸ்னுட்டா. போகக்கூடாதுன்னு சொன்னா நாளைக்கு லாரி இல்ல, மேனேஜருக்கு மேல மொதலாளி, மொதலாளிக்கு மேல ஜெர்மனிக்காரன், எல்லாருக்கும் அடியில நான். மேசை போயிரும். வேலையே போனாலும் போயிரும். என் சேலைன்னா நானே அந்தப் பவுடர வாங்கிப் போட்டிருப்பேன். இது புண்ணு மேல வைக்குத துணி.

உள்ள போயி லைட்டுப் பெட்டி வேணும்னேன். மேடம் கருப்புத் துணியப் போட்டு மூடி, லைட்டப் போட்டு, பாருங்கன்னாக. பழைய துண்டு சும்மா கெடந்துச்சு. புதுத் துண்டு திருவிழா லைட்டு மாதிரி நீலமா எரியுது. மேடம் பாத்தாக. பொறவு மேனேஜரக் கூப்பிட்டுக் காட்டுனாக. அவரு குனிஞ்சு பாத்துட்டு நிமுந்தாரு. அடுக்கதுக்குப் பேப்பரு இல்ல. பெட்டி ஒண்ணு வரிசைய விட்டு விரக்கட அளவு விலகி இருந்துச்சு. அதத் தள்ளி நேராக்குனாரு.

"ஏமம்மா. நாளைக்கு லாரி வருதுன்னு தெரியும்லா."

"தெரியும் சார்."

மேடம் பேனாவத் தொறந்தாக. "என்ன எழுதட்டும்மா? நீங்க சொல்றதத்தான் நான் எழுதணும்."

"போகக்கூடாதுன்னு எழுதுங்க மேடம்."

அவிய அதையேதான் எழுதி, எனக்கு வாசிச்சும் காட்டுனாக.

சாயந்தரம் தொட்டி வேலை பாக்குத கருப்பசாமி அண்ணாச்சி என்னையத் தேடி வந்துட்டாரு. பவுடர் போட்டது அவருதான். "ஏ மாரித்தாய், உன் பெருவிரல அழுக்குன்னு எழுதுனான், இனி துணி பளிச்சுனு இருக்கணும்னு மேனேஜர் எங்கிட்ட சொன்னாரு. எம் மவன் கல்யாண வேட்டிக்குப் போட்டதவிட ஒரு பிடி கூடவே போட்டேன். உனக்கு அழுக்கும் ஆகாது, வெள்ளையும் ஆகாதா?" பாருங்க, என் ஒத்த விரலு ஜெர்மனி வரைக்கும் போயி, சுத்திக்கிட்டு எங்க தொட்டியிலயே வந்து விழுந்திருக்கு. எங்கள்ல ஒருத்தர் மேலயும் குத்தம் இல்ல. நல்லதுக்குத்தான் எல்லாரும் செஞ்சோம்.

லாரி வரல. மேனேஜர் ஜெர்மனிக்குத் தந்தி குடுத்தாரு, சரக்கு பத்து நாள் பிந்தும்னு. அந்த லாட்ட வண்டி தொடைக்குத துணியா ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தள்ளி விட்டாக. என்னைய யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் பெரிய பயம். நானா போயி உருட்டுத பெஞ்சுல உக்காந்துக்கிட்டேன். மேசையில ஜெயந்தி. அவ ஒருநாளு வந்து, யக்கா, நானும் லைட்டுப் பெட்டிய கேட்டிருக்கணும், தோணலையேன்னா. ஏட்டி, நீ இழைய எண்ணுத வேகம் எனக்கு வராது, போயி வேலையப் பாருன்னேன். மனசு லேசாத்தான் சொன்னேனான்னு கேட்டா, இல்ல. பெஞ்சுல இருந்தா அந்த மேசையோட காலு மட்டும்தான் தெரியும். அதையே பாத்துக்கிட்டு உருட்டுனேன்.

எட்டாம் நாளு கருப்பசாமி அண்ணாச்சி புதுசா வெளுத்த லாட்டு காஞ்சு வந்துச்சு. மேனேஜர் அதுல ஒரு துண்ட வெட்டி எடுத்துக்கிட்டு, மேசைக்குப் போகாம, நேரா எங்க பெஞ்சுக்கு வந்தாரு. பத்துப் பொம்பளைக உருட்டுத நிப்பாட்டிட்டோம். அவரு துணிய எங்கிட்ட நீட்டுனாரு.

"இது போகலாமா?"

நான் எந்திரிச்சு முத்தத்துக்குப் போனேன். அவரும் பின்னாலயே வந்தாரு. வெயில்ல பிடிச்சேன். நீலம் இல்ல. மடக்கி மோந்து பாத்தேன், வெளுப்பு மருந்து வாடை கொஞ்சம் நின்னுச்சு.

"இன்னும் ஒரு தண்ணி அலசணும் சார்"ன்னேன்.

ஜெர்மனிக்காரன் அங்க காத்துக்கிட்டு இருக்கான். அவரு துணியப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. தொட்டிப் பக்கம் திரும்பி, கருப்பசாமி, இன்னொரு தண்ணி அலசுன்னு சொன்னாரு. எங்கிட்ட, அலசி வந்ததும் நீ மேசையில இருந்து பாத்துருன்னாரு.

சர்டிபிகேட்டு வாரதுக்கு மூணு வாரம் ஆச்சு. ஜெயந்திக்கு இல்ல, அவ அடுத்த தடவைதான் வாங்குனா. எனக்குப் பதினாலாம் நம்பரு. ஆனா அந்தக் காயிதம் வந்தப்ப நான் மேசையில உக்காந்து துணி பாத்துக்கிட்டு இருந்தேன். அதக் கொண்டு வந்து நீட்டுன ஆள, கையில ஊசி இருக்கு, இந்த இழைய எண்ணி முடிச்சுட்டு வாங்கிக்கிடுதேன், செத்த நேரம் நில்லுங்கன்னு சொன்னேன்.